தானே எரிந்த விளக்கு

ஊரில் எல்லோருக்கும் அவள் மோட்டார் அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் நிலையம். அதை ஒட்டி ஓர் அறை. அதில் ஒண்டிக்கட்டையாக அவள். கணவன் பார்த்த வேலை, அவன் போன பிறகு அவளுக்கு வந்தது. அவன் செத்த அன்றுகூட ஊர்க் குழாய்களில் தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

எதிர்க்கரையில் தையல்கடை வைத்திருக்கும் தம்பி கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான்.

"எங்களோட வந்து இருந்துடேன்க்கா."

"உன் பொண்டாட்டி சமையலைத் தின்னுட்டு நான் உயிரோட இருக்கணுமா? போடா!"

உண்மையில் தம்பி மனைவி நன்றாகவே சமைப்பாள். இவளுக்குத்தான் யார் கையையும் எதிர்பார்த்து இருக்கப் பிடிக்காது.

மோட்டார் இரைச்சலில் போன் அடித்தால் கேட்காது. அதனால் தம்பி ஓர் ஏற்பாடு சொன்னான். "பொழுது சாஞ்சதும் வாசல் விளக்கைப் போடு. எரிஞ்சா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம். எரியலன்னா படகை எடுத்துக்கிட்டு வந்துடுவேன்."

கொஞ்ச நாள் செய்தாள். ஸ்விட்சைத் தட்டிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள். அப்புறம் அதுவும் அலுத்துவிட்டது. தினமும் ஆஜர் சொல்ல அவள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? வேலையாக வந்த எலக்ட்ரீஷியனைப் பிடித்து, இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் தானே அணையும்படி விளக்கை மாற்றிக்கொண்டாள். தம்பியிடம் மூச்சுவிடவில்லை.

மோட்டாரும் பம்பும் தரைக்குக் கீழே ஆழமான குழியில் இருந்தன. இறங்க ஓர் இரும்பு ஏணி. ஒருநாள் காலையில் எண்ணெய்க் கையோடு இறங்கியவள் பிடி நழுவி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஏணியைப் பிடித்து எழப் பார்த்தாள், கண் இருட்டியது. போன் மேலே மேசைமீது. கத்தினாலும் மோட்டார் விழுங்கிவிடும்.

'சாயங்காலம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குவோம். விளக்கு எரியலன்னதும் தம்பி ஓடி வந்துடுவான்' என்று தேற்றிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. மேலே ஜன்னல் வழியாக வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

"அடப்பாவி! நான் நல்லா இருக்கேன்னு நீயே சொல்லிட்டியா?"

அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது.

பம்பில் ஒரு கசிவு. நாளைக்குச் சரிசெய்யலாம், நாளைக்குச் சரிசெய்யலாம் என்று அவள் தள்ளிப்போட்டு வந்தது. அந்தச் சொட்டுத் தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்துக் குடித்தாள். மறுநாளும் அப்படியே போனது.

கையெட்டும் தூரத்தில் வால்வுச் சக்கரம் இருந்தது. அதை மூடினால் ஊருக்குத் தண்ணீர் போகாது. யாராவது திட்டிக்கொண்டாவது வருவார்கள். ஆனால் மனசு வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் நின்றதில்லையே, என் ஒருத்திக்காக ஊரே வெறும் குடத்தோடு நிற்பதா?

மறுபடியும் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி நிம்மதியாகச் சாப்பிட உட்காருவான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது.

"சாகக் கிடக்கறப்போ என்னடி வீம்பு உனக்கு?" என்று தன்னையே வைதபடி சக்கரத்தைத் திருகினாள். பம்ப் கெட்டுவிடக் கூடாதே என்று கொஞ்சம் மட்டும் திறந்து வைத்தாள். ஊர்த் தொட்டி காலியாக விடிந்துவிடும்.

விடிந்தது. யாரோ மேலே மோட்டாரை நிறுத்தினார்கள். முதலில் காதில் விழுந்தது தம்பி மனைவியின் குரல்.

"அண்ணி! தலை முழுக்க சோப்போட நிக்கிறேன், தண்ணி எங்க போச்சு?... ஐயையோ, இங்க வாங்களேன்!"

தம்பி ஏணியில் பாதி இறங்கிக் குதித்தே விட்டான். "விளக்கு எரிஞ்சுதேக்கா! நேத்துகூடப் பார்த்தேனே!"

"அது நான் போட்ட விளக்கு இல்லடா" என்றாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் அவளைத் தூக்கக் குனிந்தான். "என்னை அப்புறம் தூக்கலாம். முதல்ல அந்த வால்வைத் திற."

கால் கூடியதும் அவள் அந்த அறைக்கே திரும்பிப் போனாள். பழையபடி தனியாகத்தான். விளக்கை மட்டும் கையால் போடுகிறாள். திரும்பி வந்த அன்று விளக்கைப் போட்டவள், கால் இன்னும் வலித்ததால் உடனே உள்ளே போக முடியாமல் படியில் உட்கார்ந்தாள். எதிர்க்கரையில் தையல்கடை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அடுத்த நாளும் அப்படியே.

தம்பி வந்தபோது கேட்டாள். "எப்பலேருந்துடா இப்படிப் பதில் சொல்றே?"

"முதல் நாள்லேருந்துதான். நீதான் ஒருநாளும் நின்னு பார்க்கல."