கரண்ட் போன ஒவ்வொரு முறையும் நான்கு ஜிபி

ஆபீஸ் போனை எடுத்தால் நான் முதலில் கேட்பது, "நெட் வரலையா?" என்றுதான். எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் கேபிள் ஆபீஸ். பள்ளிவிட்டு வந்த பிறகு போன் என் பொறுப்பு. அன்றும் அப்படியே கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண்குரல், "நெட்டுக்கு இல்லம்மா. செலின் தவறிட்டா. அப்பாகிட்ட சொல்லிடு" என்றது. காலையில் தலைவலி என்றாராம். பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்பு எங்கள் ஆபீஸில் வேலை பார்த்த செலின் அக்காவுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அவரைத் தெரிந்தவர்கள் எழுதியதை வாசிக்கலாம் என்று செலின் அக்காவின் அம்மா சொன்னார். அதற்காக இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைத் தப்பாக பில் போட்டு வேலையை விட்டுப் போனவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் ஆபீஸில் வீடுகளுக்கு மாதம் ஒரே கட்டணம். தென்னந்தோப்பில் கேமரா வைத்தவர்களுக்கு மட்டும், எவ்வளவு நெட் ஓடியதோ அவ்வளவுக்கு பில். அந்த அளவைப் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. ஆறு வருடம் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். யார் என்ன படம் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, என் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டைக் காட்டச் சொல்லி ஒருநாள் நச்சரித்தேன். அக்கா சிரித்தார். "வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி போச்சுன்னுதான்டி நமக்குத் தெரியும். அவங்க நெல்லு நட்டாங்களா, கரும்பு நட்டாங்களான்னு தெரியாது. தெரியவும் கூடாது."

போன வருடம் ஒரு தோப்புக்காரர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "மட்டை விழுந்து கேமரா ஒடஞ்சு பத்து நாளாச்சு. ஒடஞ்ச கேமரா எதப் பாத்துச்சாம், இவ்வளவு ஓடியிருக்கு?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "ஒரு நாள் டயம் குடுங்கண்ணே. நானே வந்து பாக்குறேன்" என்றார். அவர் போன பிறகு அக்கா அந்தத் தோப்பின் கணக்கை நாள்வாரியாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு நாளும் பெரும்பாலான நேரம் ஒன்றுமில்லாமல் கிடந்து, நடுநடுவே திடீர் திடீரென்று ஏறியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா அந்தத் தோப்பின் மோட்டார் ஷெட்டுக்குள் இருந்த நெட் பெட்டியின் முன்னால் நின்றார். நான் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால். போனில் பேசிக்கொண்டோம்.

"இப்ப என்ன காட்டுது?"

"பன்னெண்டு எம்பி."

"சுவிட்ச ஆஃப் பண்றேன். ம்... ஆன் பண்ணிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லு."

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கம்ப்யூட்டர் அளவு எடுக்கும். காத்திருந்தேன். எண் மாறியது.

"அக்கா! நாலு ஜிபி ஏறிடுச்சு!"

"நாலா? கண்ணத் தொடச்சிட்டுப் பாரு."

"நாலேதான்க்கா. ஒன்னுமே ஓடலையே!"

அவர் மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் நான்கு. "கரண்ட்டு போனதுக்கெல்லாம் நாம பில் போட்டிருக்கோம்டி" என்று போனிலேயே கத்தினார்.

திரும்பி வந்து தன் ஸ்கூட்டரைக் காட்டி விளக்கினார். கிலோமீட்டர் காட்டும் எண்கள் எல்லாம் ஒன்பதானால், அடுத்தது பூஜ்யம். பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கையும் அப்படித்தான். ஏறக்குறைய நான்கு ஜிபி வந்ததும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே முன்பு எடுத்ததைவிட இப்போது எடுத்தது குறைவாக இருந்தால், ஒரு சுற்று முழுதாக ஓடிவிட்டது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் போனாலும் பெட்டி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மோட்டார் ஷெட் லைனில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போய் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லல. நடுவுல என்ன நடந்துச்சுன்னு அதுகிட்ட யாரும் சொல்லல" என்றார் அக்கா. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னார். "அப்ப பழைய பில்லெல்லாம்?" என்று கேட்டார் அப்பா.

"அதுவும்தான்ண்ணே."

"வெளிய தெரிஞ்சா ஒருத்தன் லைன் வச்சிருக்க மாட்டான். நீ வாயத் தெறக்காத. நான் பாத்துக்கறேன்."

வெளியூரிலிருந்து ஆள் வந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தோப்புக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து வந்தார்கள். அப்பா அவர்களிடம், "பொண்ணு டைப் பண்ணதுல தப்பு. இந்த மாசத்தச் சரி பண்ணித் தர்றேன்" என்றார். ஒருவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே, "கீத்து முடையிற வீட்டுப் பொண்ணக் கொண்டாந்து கம்ப்யூட்டர்ல உக்கார வச்சா இப்படித்தான்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதத்தோடு அவர் நின்றுவிட்டார். ஒருநாள் கோயில் வாசலில் பார்த்தபோது, "நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னுதான் சொல்வாங்க. பாத்தவங்க சொல்லணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, போய் பரீட்சைக்குப் படி" என்று தோளில் தட்டினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. புயலடித்த வாரம் ஒரு வீட்டிலும் அவர் பணம் கேட்கவில்லை. அவர் அடிக்கவும் மாட்டார். பேசுவதை நிறுத்திவிடுவார், எனக்கு அதுதான் பயம். இந்தப் பக்கத்தை இரண்டு தடவை கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதுகிறேன். பெயர் போடாமல் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

செலின் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஒரு தோப்புக்காரர் வந்து கேட்டதற்காக, லீவு நாளில் வெயிலில் போய், தன் கணக்கே தப்பாக இருக்குமோ என்று தானே சோதித்துப் பார்த்தாரே, அந்தத் தைரியம். அதில் கொஞ்சம் இன்றைக்குப் போதும். அதனால் இதை நானே வாசிக்கிறேன்.

அப்பா, நான் வாசித்து முடித்துவிட்டேன். அந்த ஐந்து பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதியை நீங்கள் சொல்லுங்கள்.