அவுட் கேட்ட அக்கா

ஜெர்மனியின் வால்டோர்ஃபுக்கு மென்பொருள் வேலைக்கு வந்த புதிதில், ஒரு கோடைச் சனிக்கிழமை, மாற்றுத்திறனாளிகள் ஆடும் பேஸ்பால் ஆட்டத்துக்கு உதவப் போனேன். சக்கர நாற்காலி தள்ளும் வேலை. எனக்குக் கிடைத்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நெற்றியில் குங்குமம், தலையில் சிவப்புத் தொப்பி. மட்டையைப் பிடிக்கும் முன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொள்வார்.

முதல் பந்தையே விளாசினார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து நான் மெதுவாகத் தள்ளினேன்.

"என்ன தம்பி, தேரே இழுக்கிறீங்கள்? ஓடுங்கோ!"

ஓடினேன். ஆனால் நாங்கள் எட்டவேண்டிய பேஸுக்கு எங்களுக்கு முன்பே பந்து வந்துவிட்டது. நடுவரோ சிரித்தபடி கைகளை விரித்து "சேஃப்" என்றார். அக்காவின் முகம் சிவந்தது. ஜெர்மன் மொழியில் நடுவரோடு சண்டைக்கே போய்விட்டார்.

"விடுங்க அக்கா, இங்க யாருக்குமே அவுட் கிடையாதாம்" என்றேன்.

"ஏலாது தம்பி. அவுட் இல்லையெண்டால் நான் என்னத்துக்கு ஓடோணும்?"

அடுத்த முறை உள்ளதை உள்ளபடி சொல்வதாக நடுவர் ஒப்புக்கொண்டார்.

அந்த அடுத்த முறை வந்தது. பந்து பறந்தது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. புழுதி கிளம்ப, உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். பந்தும் நாங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம். நடுவர் முஷ்டியை உயர்த்தினார். "அவுட்!"

அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் கூவினார். "பாத்தீங்களே தம்பி, மயிரிழையிலை போச்சுது!"

"இல்லக்கா, நாமதான் முந்தினோம்!" என்று நடுவரிடம் பாய்ந்தது நான்தான்.

இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவுட் என்றதும் அப்படி மலர்ந்த ஒரு முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.