ஒன்பது மைலும் மூன்று சாக்குக் கரியும்

ராயபுரத்துப் பட்டறையிலிருந்து கார் கிளம்பியபோது காலை ஏழு மணி இருபது நிமிடம். ஏழுக்கே கிளம்புவதாகத் திட்டம். தாமதத்துக்கு நான்தான் காரணம். பதினெட்டு வரிகள் கொண்ட என் பட்டியலை மூன்றாம் முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இது யுத்தத்தின் ஐந்தாம் வருஷம், மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் நடந்தது. கரி வாயுவில் ஓடும் பஸ்களைப் பட்டணத்துக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியின் பின்புறம் ஆளுயரத்தில் ஒரு தகரப் பீப்பாய். அதற்குள் அடுப்புக்கரி, போதிய காற்றில்லாமல், பாதி எரிந்தும் எரியாமலும் கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வாயு குழாய் வழியாகப் போய்ச் சூடு ஆறி, தேங்காய் நார் அடைத்த பெட்டியில் தூசு நீங்கி, என்ஜினுக்குள் நுழையும். பெட்ரோலில் கிடைக்கும் வேகத்தில் பாதியை விடச் சற்று அதிகம் கிடைக்கும். அந்த வாயுவை முகர்ந்தால் முதலில் தலைவலி வரும், பிறகு உயிரே போகும். ஆகவே வரி ஒன்று: பீப்பாய் மேல் குனியக் கூடாது.

எங்கள் வண்டிக்கு இருபது வயதுக்குக் குறையாது. சொந்தக்காரர் ஏழுமலை, காசிமேட்டுக்காரர். கூப்பன் பெட்ரோல் சுருங்கியதும் வாடகை ஓட்டம் நின்றுபோயிற்று. எட்டு மாதமாகக் கார் கொட்டகையில் கிடந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். இதற்கிடையில், திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையுள்ள குப்பங்களுக்கு வாரம் மூன்று நாள் போய்வர வேண்டிய லேடி டாக்டர் ஒருவர் வண்டி தேடினார். அவருடைய நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு, ஒரு சொட்டுப் பெட்ரோல் கூடாது. முன்பு ஒருவன் கரி வண்டி என்று சொல்லிக் கள்ளப் பெட்ரோலில் அவரை ஏற்றிப்போய், போலீஸ் வரைக்கும் விஷயம் போயிருந்தது. அதனால் தொட்டியில் இருந்த அரை காலன் பெட்ரோலின் திருகை டாக்டரே நூலால் கட்டி, அரக்கு வைத்து, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார்.

பீப்பாயைப் பொருத்தியது நான் வேலை செய்யும் பட்டறை. வரைபடம் என்னுடையது. நான் இருபத்து மூன்று வயதுப் பெண். என்ஜின் படிப்பு முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஏழுமலை கரிக்குக் காற்று ஊதும் சக்கரத்தைச் சுற்ற, வாயு வந்துவிட்டதா என்று பார்க்க நான் சோதனைக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினேன். ஊதா நிறத்தில் தீ பிடித்தது. கைப்பிடியைப் போட்டு இரண்டாவது சுற்றில் என்ஜின் எழுந்தது. ஏழுமலை முன்னால், அவர் பக்கத்தில் நான். பின்னால் டாக்டர், மருந்துப் பெட்டி, மூன்று சாக்குக் கரி.

காசிமேடு தாண்டும்போது ஏழு முப்பது. கூடையோடு சாலையைக் கடந்த மீன்காரப் பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

“இன்னா மாமு, காருக்குப் பின்னால பாய்லரு கட்டிக்கினு போறே? வெந்நீரு போடவா?”

“உனுக்குத்தான். குளிச்சு எத்தினி நாளாச்சோ!” என்று ஏழுமலை சிரித்துக்கொண்டே கத்தினார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் பார்த்தது அது பதினோராவது முறை.

தண்டையார்பேட்டை சுங்கச்சாவடி ஏழு முப்பத்தெட்டு. அதுவரை வேகம் மணிக்கு ஒன்பது மைலுக்குக் குறையவில்லை. வலது பக்கம் கடல், இடது பக்கம் தண்டவாளம், இரண்டுக்கும் நடுவே மணல் ஏறிய சாலை. எதிரே ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. திருவொற்றியூர்த் தேரடி தாண்டியதும் என்ஜின் இருமத் தொடங்கியது. அடுத்த பர்லாங்கில் நின்றுவிட்டது. மணி ஏழு ஐம்பத்திரண்டு. பாதி தூரம் வந்திருந்தோம்.

டாக்டர் இறங்கிச் சாலையோரம் போனார். ஏழுமலை என் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினார்.

“அம்மா, அந்த முத்திரைய ஒட்ச்சிடும்மா. அரை காலன் கீதே. எண்ணூரு வரிக்கும் பூடும். அப்பால அரக்கை உருக்கி வச்சிடலாம்.”

“மோதிர முத்திரை இருக்கிறதே, அதை எப்படி வைப்பீர்கள்?”

“அந்தம்மா பாக்கவா போறாங்கோ?”

“பார்ப்பார். பார்க்காவிட்டாலும் வேண்டாம்.”

“வெள்ளிக்கெழம இரும்புக்காரன் வருவாம்மா. உனுக்கு இன்னா, வேற வண்டிக்கு வேற பீப்பா செய்வே. எனுக்கு இது ஒண்ணுதான்.”

அவர் சொன்னது உண்மை. இறங்கிப்போய்ச் சாம்பல் கதவைத் திறந்தேன். சாம்பல் தூளாக விழ வேண்டும். கம்பியால் குத்தினால் கல்லைக் குத்துவது போலிருந்தது. அடியில் சாம்பல் உருகி, பச்சைக் கண்ணாடி போலக் கிட்டமாக இறுகி, காற்று வரும் வழியை முக்கால்வாசி அடைத்திருந்தது. நல்ல கரியில் இப்படி ஆகாது. முந்தின நாள் இதே கரியில் இருபது மைல் சோதனை ஓட்டம் விட்டிருந்தோம். அப்போதே கட்டி சேர ஆரம்பித்திருக்க வேண்டும். காரணம் தெரியவில்லை. எதைத் தவறவிட்டேன்? பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே படித்தேன். எல்லாவற்றுக்கும் எதிரே டிக் அடித்திருந்தது.

பீப்பாயில் கொட்டிக் காலி செய்த சாக்கு ஒன்றைச் சாலையோரம் மடித்துப் போட்டு அதன்மேல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தபோது புடவையின் பின்புறம் வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. தட்டிவிட்டார். நான் சாக்கை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன்.

உப்பு.

“இந்தச் சாக்கு எங்கே கிடைத்தது?” என்று ஏழுமலையைக் கேட்டேன்.

“எங்க மச்சான் வூட்ல. அத்திப்பட்டு உப்பளத்துல கீறான். சாக்குதான் இப்ப எங்கியும் கெடைக்கலியே. நீ சுத்தமா இருக்கணும்னு எழுதினியா, நானே அலம்பினேம்மா. நல்லா மூணு தபா முக்கி முக்கி அலம்பினேன்.”

“எங்கே அலம்பினீர்கள்?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “கடல்லதான்.”

உப்பு சேர்ந்தால் கரிச் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உப்பளச் சாக்கைக் கடலில் அலம்பிக் காயவைத்து, அதில் கரியைக் கொட்டிக் குலுக்கி இருபத்தைந்து மைல் ஓட்டியிருந்தோம்.

கம்பியால் கட்டிகளை உடைத்து, வந்தவரை வெளியே இழுத்தோம். எட்டரைக்கு மறுபடி என்ஜின் எழுந்தது. எர்ணாவூர் மேட்டில் வண்டி நடை வேகத்துக்கு வந்தது. கத்திவாக்கம் ஒன்பது. எண்ணூர் ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

“யாருடைய தப்பு?” என்று டாக்டர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஏழுமலை தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பட்டியல் என்னுடையது” என்றேன். “‘சுத்தமான சாக்கு மூன்று’ என்று எழுதினேன். எந்தத் தண்ணீரில் சுத்தம் என்று எழுதவில்லை. வெளியிலிருந்து பார்த்தே டிக் அடித்தேன்.”

டாக்டர் தலையசைத்தார். “நான் மூணு மாத்திரைன்னு சொல்லி அனுப்பினா, மூணையும் ஒரே வாயில போட்டுக்கிட்டு வர்றாங்க. வேளைக்கு ஒண்ணுன்னு சொல்லாதது என் தப்புதான்.” பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டார். “ஆனா நான் பதினொன்று ஐம்பது ரயில்ல திரும்பிடறேன். பிரசவத்துக்கு ஆள் கூப்பிட்டா இப்படி நடுவழியில நிக்க முடியாதில்லையா?”

அவர் குப்பத்துக்குள் போய்விட்டார். ஏழுமலை சக்கரத்தில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்.

எண்ணூரைப் பற்றி எழுத வேண்டும். கழிமுகத்தில் தண்ணீர் ஈய நிறத்தில் நகராமல் கிடந்தது. அக்கரையில் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இக்கரையில் சவுக்குத் தோப்பு, இறால் காயவைத்த பாய்கள், ஒரு தேநீர்க் கடை. தேநீர் ஓரணா, பட்டண விலைதான். இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாம். என்னால் உட்காரவே முடியவில்லை. பீப்பாயைத் தணித்து, காலி செய்து, கிட்டத்தைக் கடைசித் துண்டு வரை பெயர்த்து, நாரைப் புதிதாக அடைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. சவுக்குத் தோப்பில் கரி சுடும் அம்மாளிடம் சாக்கு இல்லை. புதுக் கரியை ஓலைக் கூடையில்தான் கொடுத்தாள். நான் ஒரு கரியை எடுத்து நக்கிப் பார்த்ததும் அவள் கூவினாள்.

“இன்னாடி இது, பசிச்சா சோறு கேளு. கரியத் துன்றே!”

வண்டி நடுவழியில் நின்ற பிறகு ஏழுமலை முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ரயில் நிலையத்தின் பக்கம் பார்த்தார். “ரயிலு முந்திச்சின்னா நான் இரும்புக்காரன்கிட்ட. நாம முந்தினா டாக்டரம்மாகிட்ட. இன்னாம்மா சொல்றே?”

ரயில் ஊதியதும் நாங்களும் கிளம்பினோம். பதினொன்று ஐம்பத்தொன்று. கத்திவாக்கம் வரை ரயிலின் புகை வலப்பக்கம் முன்னால் தெரிந்தது. எர்ணாவூர் மேட்டில் என்ஜின் தயங்கவில்லை. திருவொற்றியூரில் ரயில் நின்றபோது நாங்கள் தேரடியைத் தாண்டினோம். சுங்கச்சாவடியில் ஒன்பது மாட்டு வண்டிகள் வழியை அடைத்து நின்றன. மெதுவாக ஓடியதில் வாயு வலுவிழந்து, என்ஜின் பழைய இருமலை இருமியது. ஏழுமலையின் இடது கை முன்பலகைக்குக் கீழே, பெட்ரோல் திருகை நோக்கிப் போயிற்று. அரக்கின் மேல் விரல் பட்டது. என்னைப் பார்த்தார். கையை எடுத்து ஹாரனை அழுத்தினார், வண்டிக்காரர்களின் பரம்பரையை எல்லாம் கூப்பிட்டார். வழி கிடைத்தது.

ராயபுரம் நிலைய வாசலில் பன்னிரண்டு இருபத்தாறு. என்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தோம். நான்கு நிமிடம் கழித்து ரயில் வந்தது. டாக்டர் குடையோடு வெளியே வந்து எங்களைக் கண்டதும் நின்றார். வாழ்த்துச் சொல்லவில்லை. நேரே காருக்கு வந்து, குனிந்து, அரக்கைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மோதிரத்தின் அச்சைத் தன் மோதிரத்தோடு வைத்துப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?”

ஏழுமலை என்னைச் சாடையாகக் காட்டினார். “ஏழுக்கும்மா. இந்தம்மா பட்டியலு படிச்சு முடிச்சிதுன்னா.”

நான் பிறந்தது கோயமுத்தூர்ப் பக்கம். அங்கே அலம்பினான் என்றால் கிணற்றிலோ வாய்க்காலிலோதான். தண்ணீர் என்ற சொல்லுக்கு முன்னால் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. வடசென்னையில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் அரை நாள் நிற்க வேண்டும், கடலோ இருபதடி தூரத்தில் இருக்கிறது. இங்கே வசித்த ஏழு மாதத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலை, பட்டியலில் பன்னிரண்டாவது வரியை அடித்துவிட்டு எழுதினேன்: சாக்கு மூன்று, குழாய்த் தண்ணீரில் அலம்பியது, நாக்கில் வைத்துப் பார்த்தது.