கரும்பு கலந்த பெட்ரோல்

"பாலிடெக்னிக் பட்சிட்டா இஞ்சின் நீ சொல்றத கேக்குமா?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். அவர் மலைக்கு வேன் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் ஆட்டோமொபைல் டிப்ளமோ. அதற்குப் பதிலாக அப்பாவின் பழைய காரை மலைக்கு ஏற்றபடி டியூன் செய்தேன். டைமிங்கை மாற்றினேன், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை மாற்றினேன். மலைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போகும் நான்கு டீச்சர்களைக் கச்சிராயபாளையத்தில் ஏற்றிக்கொண்டு அது கல்வராயன் மலை ஏறியபோது, சித்தப்பாவின் வேன் பின்னால் புகைந்துகொண்டு வந்தது.

அப்பா கரும்பு வெட்டியவர். இடுப்பு போன பிறகு இந்தக் கார்தான் அவர் பிழைப்பு. பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது கரும்பிலிருந்து வருகிறது என்றபோது சிரித்தார். "நான் வெட்ன கரும்புதானேம்மா. நம்ம வண்டிய இன்னா பண்ணிடும்?"

கலப்பு கூடக்கூட ஜெட்டைப் பெரிதாக்கினேன். வருடக்கணக்கில் ஓடியது. பாரம் குறைந்தால் நன்றாக ஏறும் என்று அப்பா கால் டேங்குக்கு மேல் போடவே மாட்டார். மீதி இடத்தில் மலையின் ஈரம் புகுந்துகொண்டிருந்தது.

இந்த மழைக்காலத்தில் கார் வளைவில் நின்றது. பிளக்கை மாற்றினேன். மறுபடி நின்றது. பில்டர், காயில், எதற்கும் மசியவில்லை. சத்தத்தைக் கேட்க நானும் உடன் போன வெள்ளிக்கிழமை, அதே வளைவில், பின்னால் வந்த சித்தப்பா வேனை நிறுத்திக் கதவைத் திறந்தார். டீச்சர்கள் என் முகத்தைப் பார்க்காமல் மாறி ஏறினார்கள். மூத்தவர் மட்டும் நின்றார். "திங்கக்கிழம ஒருநாள் பாக்குறோம்மா. அப்பவும் நின்னுச்சுன்னா வேன்லயே போய்க்கிறோம்."

அன்று சாயங்காலம் அப்பா பரணிலிருந்து கரும்பு வெட்டும் கத்தியை இறக்கி வைத்திருந்தார். குனிந்து செருப்பு மாட்ட முடியாதவர். "டியூனிங்க எடுத்துட்டு பழையபடி வச்சிடும்மா" என்றார். பழைய சின்ன ஜெட்டில் இந்தப் பெட்ரோல் போதுமான அளவு வராது, மேட்டில் இன்னும் சீக்கிரம் நிற்கும் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நம்பியவரின் தலையாட்டல் இல்லை அது.

மறுநாள் டேங்கின் அடியிலிருந்து பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல்; கீழே ஈரத்தை இழுத்துக்கொண்ட எத்தனால், கலங்கலாக, துருவோடு. டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை அழுத்தினால் கையில் கரி ஒட்டியது. உள்ளே ஊறி உதிர்ந்த துணுக்குகள்தான் ஜெட்டை அடைத்திருக்கின்றன. அப்படித்தான் நினைக்கிறேன். தவறாக நினைத்திருந்தால் அந்தக் கத்தி வயலுக்குப் போகும்.

எத்தனாலைத் தாங்கும் குழாய் கள்ளக்குறிச்சியில் கிடைக்கவில்லை. சேலத்தில் ஒரு கடை ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும் என்றார்கள்.

இன்று எல்லோரும் சர்ச்சுக்குப் போன பிறகு டேங்கைக் கழற்றிக் கீழே இறக்கினேன். திங்கட்கிழமையை நினைத்த பயத்தில் அப்பா பழைய குழாயையே மாட்டிவிடுவார் என்று அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டேன். அளவுக்கு ஒரு துண்டு மட்டும் என் மடியில், காகிதத்தில் சுற்றி இருக்கிறது. சேலம் பஸ் சின்னசேலத்தைத் தாண்டிவிட்டது.