சின்னக்கண்ணு சொல்லாத குறை

சின்னக்கண்ணுவை நல்ல மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு ஒருவனைப் பழிவாங்கக் காத்திருந்தவரை வெறும் நல்லவர் என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. கூடவே வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். பெயர் தெரசா, சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், கொல்லிமலை அரசுப் பள்ளியில் பதினொரு வருஷமாகக் கணக்கு டீச்சர். மன்னிப்பைப் பற்றி ஞாயிறு பூசையில் நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப் வண்டி ஓட்டுவதும் ஞாயிற்றுக்கிழமைதான், என்ன செய்வது!

சின்னக்கண்ணுவுக்கு நாற்பத்தாறு வயது. சோளக்காட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே கொஞ்சம் மரவள்ளி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மலையில் எவர் வீட்டு மோட்டார் நின்றாலும், மருந்தடிக்கும் மெஷின் இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருப்புளியின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதுபோலத்தான். கண்ணைத் திறக்கும்போது நோய் தெரிந்திருக்கும்.

எங்கள் கிளப்பில் பத்தொன்பது பேர். சேலம், நாமக்கல், ஈரோட்டுக்காரர்கள். எல்லோரிடமும் இத்தாலிய வண்டி. என்னிடம் இருப்பதுதான் அதில் சின்னது, மாதத் தவணை இன்னும் முடியவில்லை. இந்த வண்டிகளை வாங்குவது சுலபம், கட்டி மேய்ப்பதுதான் கஷ்டம். ஒரு சின்ன வாஷர் கப்பலில் வர மூன்று மாதம் ஆகும். அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. வண்டி கை மாறும்போது புதியவர் எல்லோர் முன்னிலையிலும் "இதுக்கு என்ன குறை?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் பழைய சொந்தக்காரர் பெட்ரோல் டேங்க்மேல் கை வைத்து ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். மறைத்தால் அவரோடு எவரும் சேர்ந்து வண்டி ஓட்டமாட்டோம். கேட்காவிட்டால் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

இப்போது பிரேமுக்கு வருகிறேன். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சேலத்தில் ஜவுளிக்கடை, கிளப்பில் பெரிய கை. எட்டொன்பது வருஷத்துக்கு முன் ஆடி மழையில் எங்கள் மலை ரோட்டின் முப்பத்தேழாவது கொண்டை ஊசி வளைவில் சிவப்பு நிற வண்டியோடு சறுக்கினான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வண்டி பள்ளத்தில். கயிறு கட்டி ஏற்றியவர்களில் சின்னக்கண்ணுவும் ஒருவர். முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது, இன்ஜின் பக்கவாட்டில் ஓட்டை. பிரேம் அதை ஒரு உதை உதைத்துவிட்டு, "பழைய இரும்பு. வேணும்னா எடுத்துக்கோப்பா" என்றான்.

சும்மா கொடுக்கவில்லை. சின்னக்கண்ணுவின் மனைவி அத்தாயி, வருஷம் முழுக்கக் காயவைத்த மிளகில் ஒரு மூட்டையை எடுத்து, அவனை அழைத்துப்போக வந்த காரின் டிக்கியில் ஏற்றினாள். "பேப்பருங்க?" என்று கேட்டாராம் சின்னக்கண்ணு. "இரும்புக்கு எதுக்குப்பா பேப்பரு? அப்புறம் பாத்துக்கலாம்." மலையில் வாய்ச்சொல்லே பத்திரம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அந்த இரும்பை அவர் ஆறு வருஷம் கட்டினார். முதல் வருஷம் கழுவினார், அவ்வளவுதான். புனேயில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவரிடமிருந்து நான்தான் போனில் பேசிப் பாகங்களை வரவழைத்துக் கொடுத்தேன். இன்ஜின் ஓட்டையைச் சேலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்வம் அண்ணன் வெல்டிங் வைத்து அடைத்தார். கிளப்பில் மூத்தவர் அவர். வயர் வாங்கப் போன அன்று கறுப்பு கிடைக்காமல் சீட்டுக்கு அடியில் நீல வயர் போட்டார் சின்னக்கண்ணு. சீட்டுக்குள் பஞ்சுக்குக் கீழே மிளகுச் சாக்கை மடித்து வைத்துத் தைத்தாள் அத்தாயி. போன வருஷத்துக்கு முந்தின தை மாதம், கிளப் கூடிய இடத்துக்கு அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டு பேர் எழுந்து நின்றோம். பிரேம் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

மறுநாளே விலை பேசினான். சின்னக்கண்ணு விற்கமாட்டேன் என்றார். அவன் மூன்று தடவை ஏற்றிக் கேட்டான், அவர் மூன்று தடவையும் தலையாட்டினார். மார்ச் மாதம் ஒரு காலை, போலீஸ்காரர் இருவரும் ஒரு மினி லாரியும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றன. வண்டி திருட்டுப் போய்விட்டதாகப் பிரேம் எழுதிக் கொடுத்திருந்தான். ஆர்.சி. புத்தகம் அவன் பெயரில். போலீஸ்காரர்கள் என்ன செய்வார்கள், பேப்பர் பேசுவதைத்தானே கேட்பார்கள்!

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப் போனபோது வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஒரு மூட்டை மொளகு வாங்கித் தின்னீங்களே சாமி, அது செரிச்சுப்போச்சுங்களா?" என்று அத்தாயி கத்தினாள். லாரியோடு வந்திருந்த பிரேம் அவள் பக்கமே திரும்பவில்லை. லாரி கிளம்பிய பிறகு சின்னக்கண்ணு என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை, பிரிக்காமல் தொங்கியது.

எனக்குத் தெரிந்த பைதான். அந்த வண்டியில் இரண்டு ரப்பர் பெல்ட் உண்டு. வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதாமல் நேரம் பார்த்து ஓட வைப்பவை அவைதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் ஒரே நொடியில் இன்ஜின் செத்துப்போகும். புனேக்காரர் கொடுத்தது பழைய பெல்ட். பின்பக்கப் பெல்ட்டின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பை டார்ச் அடித்துக் கண்டுபிடித்த நாளிலிருந்து சின்னக்கண்ணு வண்டியை எடுக்கவில்லை. புதிய பெல்ட்டை நான்தான் வரவழைத்தேன். போலீஸ் வருவதற்கு ஒன்பது நாள் முன்பு வந்து சேர்ந்தது. பையின்மேல் தேதியோடு தபால் முத்திரை. மிளகுப் பறிப்பு முடியட்டும், மாட்டுகிறேன் என்று ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

"அவன்கிட்டச் சொல்லலையா?" என்றேன்.

"அவரு கேக்கலீங்களே டீச்சர்."

கேட்கமாட்டான். எப்படிக் கேட்பான்? "என்ன குறை?" என்று கேட்டால், வண்டி இன்னொருவர் கையில் முறையாக இருந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. அதோடு நிற்கவில்லை அவன். ஆறு வருஷமாகத் தானே பாடுபட்டுக் கட்டியதாகவும், கடைசியில் மலைக்காரன் ஒருவன் திருடிவிட்டதாகவும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். தானே கட்டிய வண்டியின் பெல்ட் எந்த வருஷத்தது என்று எந்த மெக்கானிக்கிடம் போய்க் கேட்பது! வண்டியைத் துடைத்து, மெருகு போட்டு, கண்காட்சிக்குக் கண்காட்சி லாரியில் ஏற்றிக்கொண்டு போனான்.

கிளப் இரண்டாகப் பிரிந்தது. பேப்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வண்டிதானே என்று பாதிப் பேர். செல்வம் அண்ணனுக்குச் சந்தேகம், ஆனால் கையில் அத்தாட்சி இல்லை. சின்னக்கண்ணுவுக்கு வேண்டியது இரண்டுதான். வண்டி தன் பெயரில் திரும்ப வர வேண்டும், திருடன் என்று சொன்ன வாய் எல்லோர் முன்னிலையிலும் கோண வேண்டும். வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். ஆகஸ்டில் கிளப் மலையேறும் என்றார் அவர்.

எனக்குப் பயம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். "இறங்கும்போது அறுந்து சக்கரம் இறுகிப் போச்சுன்னா ஆள் போயிடுவான்."

"நானும் அதை யோசிச்சேனுங்க. ஏறையில அறுந்தா வண்டி நிக்கும், ஆளுக்கு ஒண்ணும் ஆவாது. அறுவாம மேல வந்துட்டா, எறங்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடுவேன். அவரைக் கொன்னு எனக்கு என்னங்க ஆவோணும்?" தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அவரு கேக்கோணும். அது போதும்" என்றார்.

ஆகஸ்ட் ஞாயிறு. காளப்பநாயக்கன்பட்டியில் எல்லோரும் கூடினோம். பிரேம் அதுவரை லாரியில் வந்து, அங்கே சிவப்பு வண்டியை இறக்கினான். எழுபது வளைவிலும் தான் ஏறுவதைப் படம்பிடிக்க ஹெல்மெட்டில் கேமரா. கடைசி நேரத்தில் என் மனசு இளகியது. சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் பிரேம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒவ்வொரு நட்டும் என் கையால முறுக்கினது. அந்தத் திருட்டுப் பய ஓட்டி நாசம் பண்ணிட்டான்." நான் அப்படியே திரும்பி வந்து என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

கடைசியாக வருவது எப்போதும் நான்தான். சிவப்பு வண்டியின் சத்தம் மேலே ஒவ்வொரு வளைவாகப் போவது கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்பது தாண்டியது. ஐம்பது தாண்டியது. சரி, தப்பித்தான் என்று நினைத்தேன், எரிச்சலாகக்கூட இருந்தது. ஐம்பத்திரண்டில் படபடவென்று ஏதோ உடையும் சத்தம், பிறகு காட்டு வண்டுகளின் இரைச்சல் மட்டும். நான் போய்ச் சேர்ந்தபோது பிரேம் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். உள்ளே இரும்பும் இரும்பும் கடித்துக்கொண்டன.

"பட்டனை அமுக்காதீங்க!"

மேல் வளைவில் அத்தாயியோடு காத்திருந்த சின்னக்கண்ணு ஓடி வந்தார். ஐந்து மாதத்தில் பிரேமிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. பழிவாங்க வந்தவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷம் இல்லை. பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதைப் பார்த்த முகம். அத்தாயிதான் பின்னாலேயே வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, "அம்சமா நின்னுபோச்சு" என்றாள்.

எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிரேம் கையைப் பிசைந்தான். செல்வம் அண்ணன் அவனையே பார்த்தார். "பிரேம், நீங்க கட்டின வண்டிதானே? எங்க போச்சுன்னு சொல்லுங்க."

பிரேம் இன்ஜினைக் குனிந்து குனிந்து பார்த்தான்.

"அப்பத் தெரிஞ்சவரைக் கேளுங்க. நம்ம முறை இருக்குதில்ல."

பிரேம் தரையைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு என்ன குறை?" என்றான். சத்தமே வரவில்லை.

"எல்லாருக்கும் கேக்கோணுமுங்க" என்றார் சின்னக்கண்ணு.

பிரேம் இன்னொரு தடவை கேட்டான்.

சின்னக்கண்ணு டேங்க்மேல் கை வைத்தார். பெல்ட் ரெண்டும் பழசு, பின்னது அறுந்துபோச்சு, வால்வு வளைஞ்சிருக்கும். மூணாம் கியர் குளிர்ல நழுவும். இன்ஜின் இடப்பக்கம் செல்வம் அண்ணன் வெச்ச வெல்டிங், அதுல எண்ணெய் கசியும். சீட்டுக்கு அடியில கறுப்பு வயருக்குப் பதிலா நீலம். சீட்டுக்குள்ளாற மொளகுச் சாக்கு. பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல நிறுத்தாமல் சொன்னார். செல்வம் அண்ணன் சீட்டைக் கழற்றினார். நீல வயர் இருந்தது. தையலைப் பிரித்ததும் சாக்கோடு நாலு மிளகும் ரோட்டில் உதிர்ந்தன. அத்தாயி மடியில் கொண்டுவந்திருந்த பெல்ட் பையை எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தாள். ஒவ்வொருவராகத் தேதியைப் பார்த்துவிட்டுப் பிரேமைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான பத்து நிமிஷம் இருந்ததில்லை.

பெயர் மாற்றும் படிவங்களை ஐந்து மாதமாக என் பையிலேயே வைத்திருந்தேன். பொய்ப் புகார் என்று நாங்களே சாட்சி சொல்வோம் என்று செல்வம் அண்ணன் சொன்னதும், பிரேம் அந்த டேங்க்மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் செல்வம் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினான். பலாப்பழம் ஏற்றும் பிக்கப்பில் வண்டியை ஏற்றினோம். சின்னக்கண்ணு அதன் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜினைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ரெண்டு வருசம் ஆவுமுங்க டீச்சர்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "என் கையாலயே கொன்னுபோட்டேன்." ஆனால் வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று சட்டென்று தலையாட்டினார்.

பிரேமை ஒருவரும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்ளவில்லை. நானும்தான். சேந்தமங்கலம் போகும் பஸ் வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பி, "தெரிஞ்சேதான் விட்டியா?" என்றான்.

சின்னக்கண்ணு பிக்கப்பிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேனுங்க."