நெல்லுக்கு வைக்கிற மாத்திரை

எலியைக் கொன்றோம், கூலியை வாங்கினோம் என்று போகிற ஆள் இல்லை பூபாலன். அது எப்படித் துடித்துச் செத்தது என்று நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கருங்குழியில் ஒரு ஓட்டு வீடு, பின்னால் மருந்துக் கேன் கட்டிய பழைய மொபெட், முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, மூடத் தெரியாத ஒரு வாய். அவன் சொத்து அவ்வளவுதான்.

பிறந்தது படாளத்தில். பத்து வயதிலேயே வரப்பு வளையில் புகை போட்டு, மூச்சுமுட்டி வெளியே வருகிற எலியை மண்வெட்டியால் வெட்டக் கற்றுக்கொண்டான். கொஞ்சம் வளர்ந்ததும் ஊர் நெல் குடோன்களில் மூட்டை சுமந்தான். பிறகு மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. பதினோரு வருஷம் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய்வந்தவனை, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீடு வீடாகப் போய்ப் பூச்சிகள் மேல் கொட்டினான். வயிறும் நிறைந்தது, ஆத்திரமும் கொஞ்சம் ஆறியது.

தொழில் தெரிந்தவன், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அலமாரியில் காபித்தூள் சிந்தினாற்போல எச்சம் கிடந்தால் கரப்பான் என்பான். கட்டில் மூட்டில் கறுப்புப் புள்ளியும் விரிப்பில் ரத்தக் கீற்றும் இருந்தால் மூட்டைப்பூச்சி. சுவரில் மண்கோடு ஏறினால் கரையான், கதவடியில் மரமாவு கொட்டினால் வண்டு. வந்தது சுண்டெலியா பெருச்சாளியா என்று புழுக்கையைப் பார்த்தே சொல்லிவிடுவான். சொன்ன கையோடு அடி. மூட்டைப்பூச்சியைக் கொதிநீர் ஊற்றி வேகவைப்பான். கூண்டில் மாட்டிய எலியைக் கூண்டோடு தண்ணீரில் அமுக்கி, பக்கத்தில் நிற்பவர்களிடம் கதை சொல்லிக்கொண்டே அது அடங்கும்வரை பிடித்திருப்பான். பாவம் புண்ணியம் என்று யாராவது ஆரம்பித்தால் பிடிக்காது.

"உன் கொழந்த கால அது கடிக்கட்டும், அப்பால வா, பாவம் பாக்கலாம்" என்பான்.

போன வருஷம் சித்திரையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து தமிழரசி அவனைக் கூப்பிட்டாள். கருவாட்டு வியாபாரம் செய்கிறவள். வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அவளும் கணவன் ஜெகதீசனும் ஏழு வயது மகள் அனுவும் இருந்தார்கள். மற்றதில் மூட்டை மூட்டையாய்க் கருவாடு, மூலையில் வலை. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. சாக்கடை வழியாக வந்த பெருச்சாளிகள் கருவாட்டைத் தின்றதோடு நிற்காமல் புது வலையையும் குதறிப்போட்டிருந்தன. கடலுக்குப் போகிறவன் வலையில் கைவைத்தால் சும்மா இருப்பானா? ஜெகதீசன் கொதித்துக்கொண்டிருந்தான்.

பூபாலன் கருவாட்டு அறைக்குள் போய் ஒரு மூட்டையை உதைத்தான். பூனைக்குட்டி அளவுக்கு ஒன்று பாய்ந்தது. கம்பியின் முதல் வீச்சில் இடுப்பு முறிந்தது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு அது கீச்சிட, இரண்டாம் அடியில் தலை நசுங்கிச் சுவரில் ரத்தம் தெறித்தது. அனு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜெகதீசன் கைதட்டினான்.

கைதட்டினால் பூபாலனுக்குக் கள் குடித்த மாதிரி. "இதெல்லாம் இன்னா அண்ணாத்த! எங்க ஊர்ல நெல்லு குடோனுக்கு ஒரு மாத்திர வெப்பாங்க. வெச்சிட்டுக் கதவ மூடிட்டா போதும், காத்துலியே பூடும். எலி, பூச்சி, பல்லி, ஒன்னு தங்காது."

"அத்தயே இங்க வெய்யேன்?" என்றான் ஜெகதீசன்.

"வூட்டுக்கு வெக்கிறது இல்ல" என்றான் பூபாலன். ஏன் என்று சொல்லவில்லை. மனிதர்களையும் அது விடாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கதையில் காரம் போய்விடும், அதனால் விட்டுவிட்டான். கூண்டும் பொறியும் வைத்து, பத்து நாளில் ஒழித்துக்கட்டுகிறேன் என்று கிளம்பினான்.

நாலாம் நாள் காலை கூண்டு பார்க்க வந்தவன் சந்திலேயே வண்டியை நிறுத்திவிட்டான். மூன்று பெருச்சாளிகள் செத்துக் கிடந்தன. மேலே காயமே இல்லை. வாசற்படியில் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன, ஒரு பல்லியும். அனல் தாங்காமல் ராத்திரி கடற்கரையில் படகுப் பக்கம் படுத்திருந்த ஜெகதீசன் அப்போதுதான் வீடு திரும்பி, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"பாத்தியா அண்ணாத்த! பத்து நாளு இன்னாத்துக்கு? ஒரே ராத்திரி!"

பூபாலன் மூச்சை இழுத்தான். கருவாட்டு வாடை. அதற்கு அடியில் பூண்டு நசுக்கினாற்போல இன்னொன்று. நெல் குடோனில் பழகிய மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பிறந்ததிலிருந்து கருவாட்டுக்குள்ளேயே கிடந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஏதோ ஒரு மூட்டை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா வெச்ச?"

"நெல்லு மாத்திர. மதுராந்தகத்துல ஒரு வியாபாரிகிட்ட வாங்கியாந்தேன். கருவாட்டு ரூம்ல பத்து வெச்சு மூடிட்டேன்."

"எவன்டா உனக்குச் சொன்னது?"

"நீதானே சொன்ன!"

பூபாலன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். "தமிழரசி எங்க? கொழந்த எங்க?"

"உள்ளதான் படுத்துகினு கீறாங்க. விடிகாலைலேந்து வாந்தின்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. நேத்து துன்ன எறா ஒத்துக்கல போல."

பூபாலன் பாய்ந்துபோய்க் கதவை உதைத்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுபடி உதைத்தான். பெண்டாட்டி படுத்திருக்கிற அறையை அந்நிய ஆள் ஒருவன் உதைத்தால் எந்தப் புருஷன் பொறுப்பான்? ஜெகதீசன் சுவரோரம் இருந்த துடுப்பை எடுத்து முதுகில் விளாசினான். "வெசக்காத்து! வெசக்காத்துடா!" என்று பூபாலன் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. அடுத்த அடி நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. பூபாலன் கம்பியை வீசினான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மனிதன் மேல் வீசினான். முழங்கால் சில்லு நொறுங்கி ஜெகதீசன் அலறிக்கொண்டு விழுந்தான்.

கம்பியைக் கதவிடுக்கில் செருகி நெம்ப, தாழ்ப்பாள் பிய்ந்து வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. தமிழரசி கட்டிலில் கிடந்தாள். அனு கீழே பாயில் கிடந்தாள். நடுச்சுவருக்கு மேலாக வழிந்து வந்த அந்தக் காற்று கனமானது, தரையில்தான் தேங்கும். சட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கிவந்து மண்ணில் போட்டான். திரும்பிப் போய்த் தமிழரசியை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தான். தவழ்ந்து வந்த ஜெகதீசன் மகளின் நீலம்பாரித்த உதட்டைப் பார்த்த பிறகுதான் துடுப்பைக் கீழே விட்டான்.

மீன் ஏற்ற வந்திருந்த குட்டியானை வண்டியில் நாலு பேரும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஜெகதீசன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பூபாலன் குழந்தையின் நெஞ்சில் கைவைத்துக்கொண்டே வந்தான். இதற்கு மாற்றுமருந்து கிடையாது, இதயம் தாங்கினால் பிழைப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். தமிழரசியின் இதயம் தாங்கியது. மத்தியானம் இரண்டேகால் மணிக்கு அனுவின் இதயம் நின்றுவிட்டது.

முழங்காலில் கட்டோடு ஜெகதீசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். பூபாலன் பெஞ்சிலிருந்து எழுந்து, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அடிக்கட்டும். கொன்றாலும் கொல்லட்டும். தடுக்கக் கூடாது என்று முடிவுசெய்திருந்தான்.

ஜெகதீசன் அடிக்கவில்லை. "அண்ணாத்த, நீ பாத்தவன். உனுக்குத் தெரியும்" என்றான். "அந்தக் காத்துல உசுரு போவசொல்ல வலி இருக்குமா?"

பூபாலன் குடோன்களில் பார்த்திருக்கிறான். எலி வில்லாக வளையும், நகம் பெயரும்வரை தரையைப் பிறாண்டும். அதை எத்தனையோ வீடுகளில் விரலை மடக்கி நடித்துக்காட்டி ஆட்களைச் சிரிக்கவைத்திருக்கிறான்.

"இல்ல அண்ணாத்த" என்றான். "தூக்கத்துலியே பூடும். ஒன்னும் தெரியாது."

ஜெகதீசன் தலையாட்டினான். பிறகு, "அவ நகத்துல பூரா பாய் கோரையா கீது அண்ணாத்த" என்றான்.