கும்பத்துக்குப் பக்கத்தில் கவிதைக் கட்டு

வேலை செய்த வீட்டிலிருந்து அம்மா வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஒரு பொருளைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அது ஓர் அமெரிக்கக் கவிஞரின் முழுப் புத்தகம். இன்னும் அச்சாகாதது, வேறு பிரதியும் இல்லாதது.

தொண்ணூறுகளில் அந்தக் கவிஞர், இத்தாலியன் வழக்கப்படி எங்களுக்குச் 'சின்யோரா', அதாவது அம்மணி, பலெர்மோ நகரில், பணக்காரர் இருக்கும் லிபெர்த்தா வீதிப் பக்கம், ஒரு வருடத்துக்கு வீடெடுத்திருந்தார். தன் நாட்டில் ஒரு கல்லூரியில் கவிதை எழுதச் சொல்லிக்கொடுப்பவர். இதற்குக்கூடச் சம்பளம் உண்டா என்று அப்பாவுக்கு ஆச்சரியம். இரண்டு புத்தகம் போட்டவருக்கு மூன்றாவது இழுத்தடித்தது. தட்டச்சு செய்வார், கசக்கி எறிவார்; அம்மா கூட்டி அள்ளுவார். ஒருவழியாக அவர் முடித்துக் கட்டி வைத்த மறுநாள் எங்களுக்குச் சரஸ்வதி பூசை. எழுதி முடித்த புத்தகம் பூசைக்கு வராமல் போவதா என்பது அம்மாவின் நியாயம். சின்யோரா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அது கபோச் சந்தைப் பக்கம் இருந்த எங்கள் ஒற்றை அறைக்கு வந்து, கும்பத்துக்குப் பக்கத்தில், என் கணக்குக் கொப்பியின் மேல் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் அவரே வந்துவிட்டார், முகம் மிளகாய்ப் பழமாய். அன்றே தபாலில் போடவேண்டிய கட்டாம். அப்பா வெலவெலத்துப் போனார். அந்த வேலையை நம்பித்தான் எங்கள் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் இருக்கும் அனுமதி, தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் அசையவில்லை. எட்டு வயது நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"இண்டைக்குத் தொடக்கூடாது எண்டு சொல்லு. நாளைக்குக் காலமை தலைமுழுகிப்போட்டு வந்து எடுக்கட்டாம்."

அப்படியே சொன்னேன். சின்யோரா கட்டின் மேலிருந்த பொட்டையும் பூவையும் குனிந்து பார்த்தார். தன் புத்தகத்துக்கு இதுவரை யாரும் பூ வைத்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். பிறகு பாயில் உட்கார்ந்து இரண்டு தட்டு அவல் சாப்பிட்டார்.

மறுநாள் சொன்னபடியே ஈரத்தலையோடு வந்தார். அன்று தம்பிக்கு ஏடு தொடக்கல். குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதிவைக்க எங்களுக்கு ஐயர் யாரும் கிடைக்கவில்லை.

"படிப்பிக்கிற ஆள்தானே, அவவே பிடிக்கட்டும்" என்றார் அப்பா, வேலை தப்பிய குஷியில்.

சின்யோரா தமிழ் எழுத்துக்கு எங்கே போவார்? அவர் கையின் மேல் அம்மா தன் கையை வைத்தார். அடியில் தம்பியின் கை. அவன் வீரிட்டுக் கத்தினான். 'அ' மட்டும் அச்சில் வார்த்ததுபோல் வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சின்யோரா அரிசியைப் பார்த்தபடி ஏதோ கேட்டார்.

"நீங்களும் ரீச்சரோ எண்டு கேக்கிறா, அம்மா."

"ஓம் எண்டு சொல்லு. ஊரிலை பன்னிரண்டு வருசம் படிப்பிச்சனான் எண்டு சொல்லு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நினைவு தெரிந்த நாள்முதல் அம்மாவின் கையில் நான் துடைப்பத்தைத்தான் கண்டிருக்கிறேன். பெரிய மனுஷிக்கு முன்னால் பெருமைக்குப் புளுகுகிறார், பாவம் என்று அன்று நினைத்தேன். 'ஓம்' என்பதை மட்டும் இத்தாலியனில் சொல்லிவிட்டு, பன்னிரண்டு வருடத்தை விழுங்கிவிட்டேன்.